ஸ்கோர்ஷீட்டை மடித்து வைக்காதீர்கள்: ஆடி முடித்த செஸ் ஆட்டத்தை அலசும் முழு வழி

கடைசி ரவுண்டு முடிந்து பஸ் ஏறியதும் பையன் போனை எடுக்கிறான். கசங்கிய ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து நகர்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறான். எஞ்சின் (நகர்வுகளை எடைபோடும் செஸ் மென்பொருள்) சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது: 27ஆவது நகர்வு ப்ளண்டர், அதாவது பெரிய தப்பு. "அங்கதான் போச்சு" என்று போனைப் பையில் போடுகிறான். அலசல் முடிந்தது. அடுத்த மாதம் வேறொரு போட்டி, வேறொரு ஆட்டம், கிட்டத்தட்ட அதே தப்பு.

எங்கள் கிளப்பில் 1300இலிருந்து 1700 ரேட்டிங் வரை ஆடுகிற பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நானும் பல வருடம் இப்படித்தான் இருந்தேன். அவர்கள் செய்கிற வேலையில் குறையில்லை, செய்கிற வரிசையில்தான் குறை. எஞ்சின் கடைசியில் வர வேண்டியது. அதை முதலில் திறந்துவிட்டால் அந்த நகர்வை ஆடும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது மறைந்துவிடும். திருத்த வேண்டியது அந்த நினைப்பைத்தான்.

தேவையானவை

நகர்வுகள் முழுதாக எழுதிய ஸ்கோர்ஷீட், நிஜப் பலகையும் காய்களும், ஒரு நோட்டு, பென்சில். கடைசிப் படிகளுக்கு மட்டும் லிசெஸ் தளம். இலவசம்தான், ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினும் அதிலேயே இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது, காரணம் கீழே வரும்.

எடுக்கிற ஆட்டம் நீண்ட நேர ஆட்டமாக இருக்கட்டும். ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 வினாடி கூடுதல் என்ற கணக்கு இதற்குச் சரி. ஒரே நாளில் முடிகிற ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் வீட்டுக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு விஷயம்: கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்று வழக்கம்போலத்தான் எழுதியிருக்கிறேன். கு என்றால் குதிரை, ம என்றால் மந்திரி, × என்றால் வெட்டுவது.

1. ஆடும்போதே நேரத்தையும் எழுதுங்கள்

அலசல் போட்டி மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மீதி உள்ள நேரத்தைச் சின்னதாக எழுதுங்கள். எல்லா நகர்வுக்கும் முடியாவிட்டால் ஐந்து நகர்வுக்கு ஒரு முறையாவது எழுதுங்கள், கஷ்டமான முடிவு எடுத்த இடங்களில் கட்டாயம் எழுதுங்கள். விதி இதை அனுமதிக்கிறது. நகர்வுகள், கடிகார நேரம், டிரா கேட்டது (அதற்கு = குறி) எல்லாம் ஸ்கோர்ஷீட்டில் இருக்கலாம். "இங்கே மந்திரியைக் கவனி" என்று உங்களுக்கே குறிப்பு எழுதிக்கொள்ள மட்டும் கூடாது.

ஏன் நேரம்? நினைவு பொய் சொல்லும், கடிகாரம் சொல்லாது. இதற்கு என் ஆட்டமே சாட்சி, 4ஆம் படியில் சொல்கிறேன்.

புதியவர்கள் இங்கே மூன்று விதமாகச் சறுக்குகிறார்கள். முதலாவது, நகர்வை எழுதிவிட்டு அப்புறம் ஆடுவது. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிப்படி ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) டிரா கோரும்போது மட்டும் விலக்கு உண்டு. இரண்டாவது, கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவது. நகர்வுக்கு 30 வினாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது, கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். மூன்றாவது, கறுப்பு ஆடுகிற குழந்தைகள் தங்கள் பக்கத்திலிருந்து எண்ணி ஈ5ஐ டி4 என்று எழுதுவது. வீட்டில் உட்கார்ந்து இதை அவிழ்க்கும்போது தலை சுற்றும்.

அப்படிக் குழம்பிய ஷீட் கையில் இருந்தால், கடைசி நிலையை நினைவிலிருந்து பலகையில் வைத்துப் பின்னோக்கி வாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போனது ஒரு ஜோடி நகர்வாகத்தான் இருக்கும். எதிராளியின் ஷீட்டோடு ஒப்பிட்டால் இன்னும் சுலபம், அதற்கு வாய்ப்பு அடுத்த படியில் இருக்கிறது.

2. எதிராளியோடு பத்து நிமிடம்

கை குலுக்கி, இரண்டு ஷீட்டிலும் கையெழுத்துப் போட்டு, முடிவைச் சொல்லிவிட்டு ஹாலை விட்டு வெளியே வாருங்கள். உள்ளே மற்ற ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும், அங்கே பேசினால் ஆர்பிட்டர் எழுந்து வருவார். வராந்தாவில் ஒரு பலகை கிடைத்தால் போதும்.

"ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். தோற்றவர் எதிராளி என்றால், அதிலும் சின்னப் பையன் என்றால், ஒரு தடவைக்கு மேல் கேட்க வேண்டாம்.

உட்கார்ந்ததும் எந்த நகர்வு சரி, எது தப்பு என்ற வாதத்தில் இறங்காதீர்கள். அதை எஞ்சின் பிறகு சொல்லிவிடும். எஞ்சினால் சொல்லவே முடியாத ஒன்றைக் கேளுங்கள்: "இந்த இடத்தில் நான் என்ன ஆடுவேன்னு பயந்தீங்க?" எதிரே உட்கார்ந்தவர் மனதில் ஓடியது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது, அவர் கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். கிளப் மட்டத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே விஷயத்தைப் பார்க்காமல் விடுவது சகஜம். அது தெரிய வருவதே பெரிய லாபம்.

சொன்னதை ஷீட்டின் பின்பக்கம் இரண்டு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு உங்கள் பிரதியில் எழுதத் தடை ஏதுமில்லை.

3. அன்றிரவே நினைத்ததை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தூங்குவதற்கு முன் நோட்டை எடுங்கள். ஷீட்டைப் பார்த்து, நீங்கள் யோசித்து ஆடிய ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன ஆட நினைத்தேன், வேறு எதைப் பரிசீலித்தேன், ஏன் விட்டேன். "பயமாக இருந்தது" என்பதும் பதில்தான். "ஒன்றுமே தோன்றவில்லை, அதனால் யானையை நடுவுக்குக் கொண்டுவந்தேன்" என்பது மிக நல்ல பதில்.

காலையில் எழுதலாம் என்று விட்டால் நடந்தது மறந்து, நியாயம் மட்டும் நினைவில் இருக்கும். "அதைப் பார்த்தேன், ஆனா இது நல்லதுன்னு தோணுச்சு" என்று மனம் கதை கட்ட ஆரம்பிக்கும். பார்க்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

ஒரு நாளைக்கு இரண்டு ரவுண்டு நடக்கிற போட்டி என்றால், போட்டி முடியும் வரை இந்த மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மத்தியான ரவுண்டுக்கு முன் காலை ஆட்டத்தைத் தோண்டினால், அடுத்த எதிராளிக்கு முன்னால் உட்கார்ந்தும் பழைய பலகைதான் கண்ணில் நிற்கும்.

4. எஞ்சின் இல்லாமல் பலகையில்

இரண்டு மூன்று நாள் கழித்துச் செய்யுங்கள். தோல்வியின் எரிச்சல் அடங்கியிருந்தால்தான் பலகை நேராகத் தெரியும். திரையில் அம்புக்குறியைத் தட்டினால் கண் ஓடிவிடும், கையால் காய் நகர்த்தினால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நொடி நிற்க வேண்டிவரும். அதனால் நிஜப் பலகை.

முதலில் நிற்காமல் ஒரு முறை ஆடிப் பாருங்கள். இரண்டாவது முறை மூன்றே மூன்று இடங்களைக் குறியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எந்த இடங்கள்? காய்களை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுத்த இடம், சிப்பாய் அமைப்பு மாறிய இடம், கடிகாரத்தில் நேரம் சட்டென்று இறங்கிய இடம் அல்லது இறங்கியிருக்க வேண்டிய இடம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எதிராளியின் நல்ல பதிலோடு சேர்த்து உங்கள் நகர்வு வரிசையை எழுதுங்கள். ஆட்டத்தில் நடந்ததைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நான் கறுப்பு, 58ஆவது நகர்வு. வெள்ளை: ராஜா ஈ4, யானை டி5, சிப்பாய் ஈ3. கறுப்பு: ராஜா ஈ7, யானை டி8. நான் ஆட வேண்டும். யானைகளை மாற்றினேன், தோற்றேன்.

அன்றிரவு நோட்டில் எழுதியது: "என் ராஜா சிப்பாய்க்கு எதிரில் நிற்கிறது. யானைகள் போனால் டிரா. நேரமும் இல்லை."

நடந்தது இது. யானை×டி5, ராஜா×டி5. நான் ராஜாவை டி7க்கு நகர்த்தி எதிரெதிரே நிறுத்தினேன். இப்போது வெள்ளை ராஜா விலகியாக வேண்டும், நான் கூடவே போவேன் என்று கணக்கு. அவர் ராஜாவைத் தொடவே இல்லை. சிப்பாயை ஈ3இலிருந்து ஈ4க்குத் தள்ளினார். அவ்வளவுதான், விலக வேண்டியவன் நானாகிவிட்டேன். ராஜா ஈ7 போனால் அவர் ஈ5, நான் எஃப்7 போனால் அவர் டி6. பிறகு அந்தச் சிப்பாய் ராணியாவதை யாரும் தடுக்க முடியாது.

ராஜாக்கள் அதே இடத்தில் இருந்து, சிப்பாய் முன்பே ஈ4க்கு வந்திருந்தால் டிரா. அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிப்பாய் நகர்வு, ஆட்டம் போனது அந்த ஒன்றில்தான். எனக்குத் தெரிந்திருந்தது பாதி விதி: ராஜா எதிரில் நின்றால் டிரா. மீதிப் பாதி: சிப்பாய் ஈ3இல் இருக்கும்போது வெள்ளை ராஜா டி5, ஈ5, எஃப்5 மூன்றில் ஒன்றைப் பிடித்துவிட்டால், யார் முறையாக இருந்தாலும் வெள்ளைக்கே வெற்றி. நானோ யானையை வெட்டி, அந்த ராஜாவை டி5க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன்.

வராந்தாவில் எதிராளி சொன்னது ஷீட்டின் பின்னால் இருந்தது: "நீங்க யானையை ஏ8க்கு ஒதுக்குவீங்க, டிரா கேட்கலாம்னு இருந்தேன் சார்."

சரி, அந்த "நேரமும் இல்லை"? ஷீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 57ஆவது நகர்வுக்குப் பக்கத்தில் 11.00. 58க்குப் பக்கத்தில் 11.10. கூடுதலாகக் கிடைக்கிற 30 வினாடியில் இருபதைத்தான் செலவழித்திருக்கிறேன், கடிகாரம் ஏறியிருக்கிறது. நேர நெருக்கடியில் தோற்றேன் என்று மூன்று நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

5. ஓபனிங்: சுருக்கமாக

ஓபனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில், ஒரே ஒரு கேள்வி போதும்: எனக்குத் தெரிந்த நகர்வுகள் எந்த இடத்தில் தீர்ந்தன? அங்கே மாஸ்டர்கள் வழக்கமாக என்ன ஆடுகிறார்கள் என்று லிசெஸின் ஓபனிங் பகுதியில் பார்த்து, ஒரே ஒரு நகர்வையும் அதன் காரணத்தையும் நோட்டில் சேருங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நகர்வு. இருபது நகர்வை மனப்பாடம் செய்தால் எதிராளி ஏழாவதிலேயே வேறு வழி போவார்.

இங்கே வேறொரு பொறியும் உண்டு: ஓபனிங்கில் நடந்ததெல்லாம் ஓபனிங் தப்பு என்று நினைப்பது. கிளப்பில் ஒரு பையன் வெள்ளையாக ஆடினான். 1. டி4 டி5 2. சி4 ஈ6 3. கு-சி3 கு-எஃப்6 4. ம-ஜி5 கு(பி8)-டி7 5. சி×டி5 ஈ×டி5 6. கு×டி5. எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும், அதனால் அது வெட்டாது என்று நம்பினான். வெட்டியது. 6... கு×டி5 7. ம×டி8 ம-பி4 செக். மறைக்க ராணியை டி2இல் வைப்பதைத் தவிர வழி கிடையாது. 8. ராணி-டி2 ம×டி2 செக் 9. ராஜா×டி2 ராஜா×டி8. கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரை போயிருக்கிறது.

இதற்கு எலிஃபண்ட் ட்ராப் என்று பெயர். யானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான்கு யானைகளும் மூலையில் சும்மாதான் நிற்கும்.

பையன் அடுத்த வாரம் அந்த ஓபனிங்கான குயின்ஸ் காம்பிட்டின் வகைகளைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்தான். படிக்க வேண்டியது அது இல்லை. ஏழாவது நகர்வுக்குப் பிறகு எதிராளிக்கு என்னென்ன செக் இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. அது எந்த ஓபனிங்கிலும், 40ஆவது நகர்விலும் வரும். சொன்ன மாதிரியே இரண்டு போட்டி கழித்து, வேறு ஓபனிங்கில், அதே மாதிரி ஒரு செக்கில் ராணியை விட்டான்.

6. இப்போது எஞ்சின்

நகர்வுகளை லிசெஸில் ஒரு ஸ்டடியாக (குறிப்புகளோடு சேமிக்கும் பக்கம்) ஏற்றி, 4ஆம் படியில் நீங்கள் எழுதிய வரிசைகளையும் அதில் சேருங்கள். பிறகு எஞ்சினை இயக்குங்கள். மூன்று வரி (மூன்று சிறந்த நகர்வு வரிசைகள்) காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரி மட்டும் காட்டினால் அதுதான் ஒரே நல்ல நகர்வு என்ற மயக்கம் வரும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பென்றால் அங்கே தப்பு எதுவும் நடக்கவில்லை, தாண்டிப் போங்கள்.

எஞ்சின் காட்டும் எண்களுக்கு (+ என்றால் வெள்ளை மேல், − என்றால் கறுப்பு மேல்) ரொம்ப மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து +1 என்றால், எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் அந்தப் பக்கம் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். ஆடுவது எஞ்சின் என்றால்தான் அந்தக் கணக்கு. நாம் ஆடும்போது +1 மூன்று நகர்வுக்குள் −2 ஆகிவிடும், பிறகு திரும்பியும் வரும். ஆகவே 0.3, 0.4 வித்தியாசங்களை விட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பும் எஞ்சினும் முட்டிக்கொள்கிற இடங்களில் மட்டும் நில்லுங்கள்.

நின்ற இடத்தில் எஞ்சினோடு சண்டை போடுங்கள். "அப்படியென்றால் நான் நினைத்ததை ஆடினால் என்ன?" என்று நீங்கள் விட்டுவிட்ட நகர்வை ஆடிப் பாருங்கள். அது தரும் பதிலுக்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று புரியும் வரை போங்கள். எஞ்சின் சொன்ன நகர்வின் காரணத்தை ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அது இப்போதைக்கு நமக்கான நகர்வு இல்லை.

பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் (ராஜாக்களையும் சேர்த்து) எஞ்சினே வேண்டாம். லிசெஸில் உள்ள டேபிள்பேஸ் அந்த நிலை வெற்றியா டிராவா என்று தீர்ப்பாகவே சொல்லிவிடும். என் 58ஆவது நகர்வில் இருந்தவை ஐந்தே காய்கள். யானை ஏ8: டிரா. யானையை வெட்டினால் தோல்வி. கருத்துக்கு இடமே இல்லை.

7. தப்புக்குப் பெயர் வையுங்கள்

மூன்று இடத்துக்கும் தலா ஒரு பெயர். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. அது எல்லாத் தப்புக்கும் பொருந்தும், அதனால் எதையும் திருத்தாது.

நான் வைத்திருக்கும் பெயர்கள்: எதிராளியின் செக்கைப் பார்க்கவில்லை. பாதி விதியை நம்பினேன். கணக்கை ஒரு நகர்வு முன்னதாக நிறுத்தினேன். யோசிக்க வேண்டிய இடத்தில் உடனே ஆடினேன். ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து மற்ற பலகைகளைப் பார்க்கப் போனேன். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், அது உங்கள் ஆட்டங்களிலிருந்தே வர வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுங்கள், மளிகைக் கணக்கு மாதிரி. பத்து ஆட்டம் ஆனதும் ஒரு பெயருக்கு நேராக மட்டும் கோடுகள் குவிந்திருக்கும். எனக்குக் குவிந்தது "உடனே ஆடினேன்" என்பதில். எண்ட்கேமில்தான் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்தான்) நான் பலவீனம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஜெயித்த ஆட்டங்களையும் இதே மாதிரி செய்யுங்கள். எதிராளி தண்டிக்காமல் விட்ட தப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

8. ஓர் ஆட்டத்துக்கு ஒரு வீட்டுப்பாடம்

ஒன்றே ஒன்று, ஒரு வாரத்துக்குள் முடிகிற அளவில். "எண்ட்கேம் படிக்க வேண்டும்" என்பது வீட்டுப்பாடம் இல்லை. நான் செய்தது இது: 58ஆவது நகர்வின் நிலையை லிசெஸில் வைத்து, "இங்கிருந்து கம்ப்யூட்டரோடு ஆடு" என்று கொடுத்து, கறுப்பாக யானை ஏ8 ஆடி டிரா பிடிக்கப் பார்த்தேன். முதல் நான்கு தடவை தோற்றேன். அதன் பிறகு பிடிபட்டது. அப்புறம் யானைகள் இல்லாத நிலையை வைத்து, வெள்ளையாக ஆடி ஜெயித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆடினால்தான் எதிராளிக்கு எது பிடிக்காது என்று தெரியும்.

செக்கைப் பார்க்காமல் விடுகிறவருக்கு வேறு மருந்து. அந்தப் பையனுக்கு நாங்கள் கொடுத்தது: கிளப்பில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும், காயைத் தொடுவதற்கு முன் எதிராளிக்கு அடுத்து எத்தனை செக் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ண வேண்டும். முதல் வாரம் வாய்விட்டே எண்ணினான், எதிரே உட்கார்ந்தவர்கள் என்னிடம் புகார் சொன்னார்கள்.

அடுத்த போட்டிக்குக் கிளம்பும் காலையில் நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, நோட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது எந்தக் குறிப்பையும் பார்க்க விதி இடம் கொடுக்காது. போனை அணைத்துப் பையில் வைக்கலாமா, வெளியே கொடுத்துவிட்டு வர வேண்டுமா என்று முதல் ரவுண்டுக்கு முன்பே ஆர்பிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இருந்தால் அந்த ஆட்டத்தில் அலச ஒன்றும் இருக்காது, நேராகத் தோல்விதான்.